பாய்லர் வெடிக்கவில்லை

இருபத்திரண்டு வருடம் ஒரே பாய்லரோடு மாரடித்த மனிதர் அவர். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. பெட்டிக்கு நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு இவர் வேண்டும். முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிற அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் பாய்லர்காரர்தான். கோபம் வந்தால் வீட்டுக்காரியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கு ஒரு தரம் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். முள் எங்கே நிற்கிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது, கடைசிக் கட்டத்தில் மாறுதல் ஏதாவது உண்டா. இருபத்திரண்டு வருடமும் அவர் அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதியது ஒன்றே ஒன்றுதான்: ‘மாறுதல் இல்லை.’ அந்த ஒரு மணி நேரத்துக்குள் வால்வை இறுக்கியிருப்பார், பம்போடு மல்லுக்கட்டியிருப்பார், ஒரு தடவை முழங்கை வரைக்கும் வெந்தே போயிருக்கிறார். ஆனால் அதெல்லாம் அவருக்கு ஏற்பட்ட மாறுதல். நோட்டு பாய்லருக்கானது. பாய்லருக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் மாறுதல் இல்லை, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட தொழிற்சாலையை ஒரு செவ்வாய்க்கிழமை மூடிவிட்டார்கள். காம்பவுண்டுக்குப் பின்னால் இரண்டு அறைக் குடியிருப்பில்தான் அவர், மனைவி, பத்தாவது படிக்கிற மகள் மூவரும் இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. அதற்கப்புறம் போக்கிடம் ஒன்றுதான், மனைவியின் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கும் சாமான் அறை. ஜன்னல் கிடையாது. முன்னொரு தடவை கூரை ஒழுகியபோது அங்கே நான்கு நாள் தங்கினார்கள். “உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க மாப்ள” என்று மச்சான் அந்த நான்கு நாளில் பத்தொன்பது தடவை சொன்னார். பாய்லர்காரர் எண்ணி வைத்திருந்தார். எதையும் கவனித்துக் குறித்துக்கொள்வது அவருடைய தொழில்புத்தி.

இந்த நேரத்தில்தான் இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்க்க ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. வேலையோடு குடியிருக்க வீடும் உண்டு. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு. அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: மையத்தின் முத்திரை பெற்ற தன்விவரக் குறிப்போடு, மையத்தின் வழியாக மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும்.

மையம் என்றால் ‘தன்விவரக் குறிப்புச் சீரமைப்பு, மெருகேற்றல் மற்றும் சான்றளிப்பு மையம்’. வேலை இல்லாததால்தான் ஜனங்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று பாமரர்கள் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு, அவர்களுடைய பயோடேட்டா சரியில்லாததுதான் காரணம் என்று ஒரு குழு மூன்று வருடம் உட்கார்ந்து கண்டுபிடித்தது. குழு கலைந்தபோது அதன் உறுப்பினர்களுக்கு வேலையில்லாமல் போகாதபடிக்கு இந்த மையம் திறக்கப்பட்டது.

வாசலிலேயே டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் தங்களுக்கு ஏன் வேண்டும் என்று நூறு சொல்லுக்கு மிகாமல் எழுதிக் கொடுத்தால்தான் டோக்கன். பாய்லர்காரர் ‘வேலை வேண்டும்’ என்று இரண்டு சொல்லில் எழுதினார். ஆர்வம் போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பின்னால் நின்ற ஒருவர் பரிதாபப்பட்டு மிச்சம் தொண்ணூற்றெட்டை எழுதிக் கொடுத்தார். கல்யாணங்களுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவராம். இப்போது எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டதால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். “எந்த வேலைன்னாலும் பரவாயில்லண்ணே, படிவத்துல எல்லாத்துக்கும் டிக் அடிச்சிருக்கேன்” என்றார். இருவரும் போன் நம்பர் பரிமாறிக்கொண்டார்கள்.

உள்ளே ஆலோசகர் ஒருவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய்லர்காரர் கொண்டுபோன காகிதத்தில் இரண்டே வரி. ‘இருபத்திரண்டு வருடம் பாய்லர் பார்த்தேன். பாய்லர் வெடிக்கவில்லை.’

ஆலோசகர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

“என்ன சார் இது, நடக்காத விஷயத்தை எழுதியிருக்கீங்க. சாதனைன்னா ஏதாவது நடந்திருக்கணுமே.”

“எங்க வேலையில எதுவும் நடக்காம இருக்கறதுதான் சார் வேலை.”

“சின்னதா ஒரு வெடிப்புகூட இல்லையா? நீங்க ஓடிப்போய் அடக்கின மாதிரி?”

“வெடிச்சா ஓடறதுக்கு ஆள் இருக்க மாட்டான் சார்.”

ஆலோசகர் பெருமூச்சு விட்டார். போன வாரம் ஒருவர் வந்தாராம். அவருடைய பாய்லர் நிஜமாகவே வெடித்துக் கட்டடமே தரைமட்டம். அந்த நேரம் டீ குடிக்க வெளியே போயிருந்ததால் அவர் பிழைத்தார். குறிப்பு என்றால் அதல்லவா குறிப்பு, நெருக்கடி, மீட்பு, புனரமைப்பு என்று நான்கு பக்கம். இயந்திரம் அதைப் படித்துவிட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டது. பாய்லர்காரருக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றும் காகிதத்தை மடிக்காமல் கொண்டுவந்ததற்காகக் கிடைத்தது. அறுபது வந்தால்தான் முத்திரை.

வகுப்புக்கு வரச் சொன்னார்கள். போனார். வினைச்சொல் வகுப்பில் ‘பார்த்தேன்’ சோம்பலான சொல் என்று அடித்துவிட்டு ‘தலைமையேற்றேன்’ என்று போட்டார்கள். எதற்குத் தலைமை, குழுவில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, நானும் பாய்லரும்தான் என்றார். ‘இருவர் கொண்ட குழு’ என்று எழுதிக்கொண்டார்கள். பொழுதுபோக்கு என்னவென்று கேட்டார்கள். தூங்குவேன் என்றார். ‘ஓய்வு மேலாண்மை.’ பலவீனம் இருந்தால் சொல்லுங்கள், பலவீனம் இல்லாதவரை யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்கள். வெந்த கை குளிருக்கு வலிக்கும் என்றார் பாவம். அதை அடித்துவிட்டு ‘அளவுக்கு மீறி உழைப்பது’ என்று போட்டார்கள். புகைப்பட வகுப்பில் எத்தனை பல் தெரிந்தால் தன்னம்பிக்கை, எத்தனை தெரிந்தால் திமிர் என்று ஒரு மணி நேரம் பாடம். பின் பெஞ்சில் இருந்த போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி தினம் ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்தத் தொழிற்சாலைப் பெட்டிகள்தான், அவருடைய நீராவியில் ஒட்டியவை. முதலில் மேல்தட்டுப் பாத்திரங்கள் போயின. அடுத்து போர்வைகள். ஒன்பதாம் நாள் மகளின் பழைய பாடப்புத்தகங்கள். அவர் வந்ததும் அவள் மூஞ்சியைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள், இன்னொரு பெட்டியை எடுப்பாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“எத்தனை மார்க்கு இன்னைக்கி?” என்று பன்னிரண்டாம் நாள் வாயைத் திறந்தாள்.

“நாப்பத்தி நாலு.”

“நம்ம பொண்ணே அதைவிட அதிகம் வாங்குவாளே. இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு உங்க மையத்துக்குத் தெரியுமா?”

அடுத்த நாள் ஆலோசகருக்கே ஞானோதயம் வந்தது. பழைய இரண்டு வரியைத் தேடி எடுத்தார், கால்குலேட்டரைத் தட்டினார், எழுதினார்: ‘உச்ச அழுத்தச் சூழலில் 8,030 நாட்கள் இடைவிடாமல் வெடிப்பைத் தவிர்த்த தலைவர்.’ ஞாயிற்றுக்கிழமை லீவு சார் என்று பாய்லர்காரர் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் வெடிக்கவில்லை அல்லவா என்று கேட்டு வாயை அடைத்தார் ஆலோசகர். இயந்திரம் தொண்ணூற்றாறு போட்டது. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் மட்டும் அடிக்கிற மணி அடித்தது. மையத்தில் அந்த மணி அடித்து யாரும் கேட்டதில்லையாதலால், தீ விபத்து என்று நினைத்துப் பாதிப் பேர் மாடியிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

இயக்குநரே வந்துவிட்டார். கூட்டம் கூட்டி, பாய்லர்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்து, அரை மணி பேசினார்.

“இந்த மையம் தொடங்கி ஆறு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல இங்க வந்தவங்க ஒருத்தர்கூட எங்களை விட்டுப் போகல. அவ்வளவு நம்பிக்கை. வேலை கிடைச்சவன் ஒரு நாள்ல அந்த வேலையை இழக்கலாம். நல்ல குறிப்பு இருக்கறவன் அதை எந்த நாளும் இழக்க மாட்டான். என் குறிப்பு பதினேழு பக்கம். நான் எங்கயுமே வேலை பாத்ததில்ல. இருந்தாலும் பதினேழு பக்கம். அதுதான் திறமை.”

கைதட்டல் ஓய்ந்ததும், இந்தக் குறிப்பை இந்த மாதத்தின் மாதிரியாக அறிவிப்பதாகச் சொன்னார். பெயரை நீக்கிவிட்டு ஐந்நூறு பிரதி அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்க உத்தரவாயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்த பாய்லர்காரர் இரண்டு பெட்டியைப் பிரித்துப் பாத்திரங்களை மறுபடி மேல்தட்டில் அடுக்கினார். மனைவி தடுக்கவில்லை. மகள் ஜன்னலோரம் மேஜையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து படித்தாள். அன்றைக்கு மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் நான்கே நாள். விண்ணப்பத்தை அனுப்பியாயிற்றா என்று கேட்கப் போனபோது மூன்றாம் கவுண்டர் அம்மா அவருடைய காகிதத்தில் ஒரு சிவப்புச் சீட்டைக் குத்தி நீட்டினார். ‘நகல். நிராகரிக்கப்பட்டது.’

“ஆஸ்பத்திரி வேலைக்கு இருநூத்திப் பதிமூணு விண்ணப்பம் வந்திருக்கு. இருநூத்திப் பதிமூணு பேரும் எட்டாயிரத்து முப்பது நாள் வெடிப்பைத் தவிர்த்திருக்காங்க” என்றார் அந்த அம்மா, ஆச்சரியமே இல்லாமல்.

“அது நான்தாங்கம்மா. அந்த மாதிரியே நான்தான்.”

“மாதிரியில பேர் இல்லையே.”

“அப்ப மத்த இருநூத்திப் பன்னெண்டு பேரு?”

“அவங்க முறைப்படி கையெழுத்துப் போட்டு மாதிரிப் பிரதி வாங்கியிருக்காங்க, ரசீது இருக்கு. மாதிரியைப் பின்பற்றலாம்னு விதியே இருக்கு. உங்ககிட்ட ரசீது இல்ல. ரசீது இல்லாம நீங்க எங்கேருந்து எடுத்தீங்க?”

பாய்லர்காரருக்குத் தலை சுற்றியது. என் வாழ்க்கையிலிருந்து எடுத்தேன் அம்மா என்றார். அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார் அவர். சரி, எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று கெஞ்சினார். பிரதி தீர்ந்துவிட்டது, அடுத்த அச்சு அடுத்த மாதம்தான் என்றார். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்கள். இங்கே ஏணியையே எடுத்துவிட்டார்கள்.

ஓடினார். பூட்டிக் கிடந்த தொழிற்சாலையின் வாட்ச்மேன் காலில் விழாத குறையாகக் கேட்டு, பாய்லர் அறையிலிருந்து நோட்டுகளை வாங்கினார். இருபத்திரண்டு வருடத்துக்கு நாற்பத்து நான்கு நோட்டு. எண்ணெய்க் கறையோடு, அவர் கையெழுத்தில். தள்ளுவண்டியில் ஏற்றி மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். வெந்த கை விண்விண்ணென்று தெறித்தது. ஆதாரம் கொண்டுவந்திருக்கிறேன் என்றதும் இயக்குநரே இறங்கி வந்து, ஒரு நோட்டைப் பிரித்தார், இன்னொன்றைப் பிரித்தார், நடுவில் ஒன்றை உருவிப் பார்த்தார். எல்லாப் பக்கத்திலும் எல்லா வரியிலும் ‘மாறுதல் இல்லை, மாறுதல் இல்லை.’

“இதுவும் பாத்து எழுதினதுதானே? ஒவ்வொரு வரியும் மேல் வரியோட நகல்” என்றார் இயக்குநர் வருத்தமாக.

பாய்லர்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து நாளில் வீடு போகப்போகிறது சார், வயசுக்கு வந்த பெண் பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் நிற்கப்போகிறாள் சார் என்று வாய்விட்டுச் சொன்னார். இயக்குநருக்கும் மனசு இளகிவிட்டது. அவர் கல்நெஞ்சர் இல்லை. கருணை அடிப்படையில் ஒரு வழி சொன்னார்: மாதிரியில் இருக்கும் எந்தத் தகவலும் இல்லாமல் முற்றிலும் புதிதாக ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். சிவப்புச் சீட்டோடு திரும்பி வந்த குறிப்பை, அதுதானே மாதிரி, மகள் வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் தன் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். இருபத்திரண்டு வருடம், அது மாதிரியில் இருக்கிறது, அடி. பாய்லர், அடி. சத்தத்தை வைத்தே தண்ணீர் மட்டம் சொல்லுவது, அதையும் ஆலோசகர் மூன்றாம் பக்கத்தில் சேர்த்துவிட்டார், அடி. கை வெந்தது இருக்கட்டுமே என்றாள் மனைவி. ‘வெப்பச் சவால்களை நேரடியாக எதிர்கொண்டவர்’ என்று மகள் வாசித்தாள். அதையும் அடித்தார்.

“அப்ப நீங்க யாருதான்?” என்று கேட்டுவிட்டாள் மனைவி. கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிஞ்சியது பெயரும் முகவரியும். முகவரிக்கு எதிரே இன்னும் பத்து நாளைக்குத்தான் உண்மையாக இருக்கப்போகிற ஒரு வரி. அதையே கொண்டுபோய்க் கொடுத்தார். இயந்திரம் படித்து, நகல் சிறிதும் இல்லை என்று சொன்னது. மூன்றாம் கவுண்டர் அம்மா முதன்முறையாகச் சிரித்து, முத்திரையும் குத்தினார். குத்திவிட்டு, முன்அனுபவம் எதுவும் இல்லாதவர்களுக்கு வயது வரம்பு இருபத்தைந்து, உங்களுக்கு நாற்பத்தெட்டு ஆகிறது என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளதும் போச்சு.

வேலை போட்டோக்காரருக்குக் கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் புகைப்படத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தார்களாம். அவருடைய படம்தான் நன்றாக இருந்தது. அவர் போன் செய்து சொன்னபோது அவருக்கே அழுகை. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா அண்ணே என்று கேட்டார். கொடுத்தாலும் அது தனக்கு வராது, அடுத்த ரசீதுக்குத்தான் போகும் என்று பாய்லர்காரருக்குத் தெரியும். குழந்தைகளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வயிறு எரியாமல் இல்லை. நன்றாகவே எரிந்தது.

மாதக் கடைசி நாள், காலை ஒன்பது மணி. வாசலில் வேன் நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. மகள் முன் சீட்டில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவியை வாங்கிக்கொள்ள வாட்ச்மேன் வந்து நின்றார். அப்போது போன் அடித்தது.

“அண்ணே, நான்தான் போட்டோக்காரன். முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டி நிக்குதுண்ணே. உள்ள என்னமோ முனகுது.”

பாய்லர்காரர் போனைக் காதோடு அழுத்தினார். அந்த முனகல் அவருக்கும் கேட்டது. எங்கிருந்து வருகிறதென்று அவருக்கா தெரியாது.

“இடது பக்கம் கண்ணாடிக் குழாய் இருக்கும் பாருங்க, விரல் தண்டிக்கு. அதுல தண்ணி தெரியுதா?”

“காலியா இருக்கு. பைப்பைத் திறந்து தண்ணி விடட்டுமா?”

“தொடாதீங்க. காய்ஞ்சு கெடக்கற இரும்புல தண்ணி பட்டா உடனே வெடிச்சிரும். கீழ எண்ணெய் வர்ற குழாய்ல சிவப்புக் கைப்பிடி இருக்கும், அதை மட்டும் வலது பக்கமா திருப்பி மூடுங்க. மூடிட்டு வெளிய வந்துருங்க.”

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“வேலையையும் குடுத்துட்டு மூளையையும் குடுக்கறீங்களா? எட்டாயிரம் நாள் வெடிக்காம பாத்துக்கிட்டவர்னுதானே முத்திரை குத்தி அனுப்பியிருக்காங்க. அவரே பாத்துக்கட்டும். வெடிச்சா அந்த மையத்துக்காரனுங்களுக்கு அப்பவாவது உறைக்கும்.”

அவர் போனைக் கையால் பொத்தினார். “அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டு. நம்ம பொண்ணு அங்கதான் பொறந்தா.”

அவள் வேன் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தாள். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். சும்மா இருப்பா என்று அவள்தான் அதட்டினாள்.

வார்டில் இருப்பவர்களை உடனே வேறு பக்கம் மாற்றச் சொல்லுங்கள் என்றார் பாய்லர்காரர். கைப்பிடியை மூடியாயிற்று, வார்டுக்கும் சொல்லியாயிற்று. இனி வாசலில் தள்ளி நின்று முள்ளை மட்டும் படிக்கச் சொன்னார். போட்டோக்காரர் படித்தார். பதினாலு. பதினாலு. பதினாலுண்ணே, இறங்கவே மாட்டேங்குது. இறங்கும், பொறுங்கள் என்றார் இவர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பதிமூன்றரை. பதிமூன்று. இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் மறுமுனையில் ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

“பச்சைக்கு வந்துருச்சுண்ணே.”

“நல்லா ஆறட்டும். மெக்கானிக் வந்து பாக்காம மறுபடியும் பத்த வைக்காதீங்க.”

“சரிண்ணே.” நோட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. “அண்ணே, மணிக்கு ஒரு வரி நோட்டுல எழுதச் சொல்லியிருக்காங்க. முள்ளு, தண்ணி எல்லாம் இருந்தபடியே எழுதிட்டேன். கடைசிக் கட்டத்துல என்ன எழுதட்டும்?”

பாய்லர்காரர் வேனைப் பார்த்தார். பெட்டிகளின் மேல் தொழிற்சாலையின் பெயர் வரிசையாகத் தெரிந்தது. வாட்ச்மேன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் சாவியை வைத்தார்.

“பாய்லருக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்லண்ணே.”

“அப்ப மாறுதல் இல்லைன்னு எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, வேனில் ஏறிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்.